விக்டோரியா கால இலண்டனில் துணைநாய்த் திருட்டு: சட்டம், மீட்புத்தொகை, பற்று

ஆய்வுச்சுருக்கம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் நகரின் வசதியுள்ள குடும்பங்கள் வளர்த்த சிறிய துணைநாய்கள் திட்டமிட்டுத் திருடப்பட்டன. மீட்புத்தொகை பெற்றபின் உரியவரிடமே திருப்பித் தரப்பட்டன. ஆங்கிலப் பொதுச் சட்டம் நாயைக் களவுக்குரிய பொருளாக ஏற்காமை இவ்வணிகம் வளரக் காரணமாயிற்று. 1844ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தெரிவுக்குழுவின் விசாரணை, 1845ஆம் ஆண்டுச் சட்டம், ஹென்றி மேஹ்யூவின் பதிவுகள், கவிஞர் எலிசபெத் பாரெட்டின் கடிதங்கள் ஆகியவற்றின் துணையுடன், வளர்ப்பவரின் பற்றுக்கு விலை வைத்தவர் யார் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இதே சிக்கலை வேறு வகையில் கையாண்டதையும் சுட்டிக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: துணைநாய், மடிநாய், நாய்த் திருட்டு, மீட்புத்தொகை, எலிசபெத் பாரெட், ஹென்றி மேஹ்யூ, இந்தியத் தண்டனைச் சட்டம்

முன்னுரை

மனிதருக்கும் நாய்க்கும் உள்ள உறவு குறித்த வரலாற்று ஆய்வுகள் பெரும்பாலும் வேட்டை, காவல், மேய்ச்சல் ஆகிய பயன்பாடுகளை முன்னிறுத்துகின்றன. இவற்றுள் எதற்கும் பயன்படாத, மடியிலும் படுக்கையிலும் இடம்பெற்ற சிறிய நாய்கள் ஆடம்பரத்தின் அடையாளமாக மட்டுமே பேசப்படுகின்றன. ஆயினும் பயன் கருதாமல் வளர்க்கப்பட்ட உயிர் என்பதனாலேயே இந்நாய்கள் சட்ட வரலாற்றில் ஒரு கடினமான வினாவை எழுப்பின. சந்தை விலை குறைவாகவும் வளர்ப்பவரின் பற்று மிகுதியாகவும் உள்ள ஓர் உயிரின் மதிப்பை எந்த அளவுகோலால் அளப்பது? இவ்வினாவுக்குச் சட்டம் விடை தேடும் முன்பே இலண்டன் நகரின் திருட்டுக் கும்பல்கள் விடை கண்டிருந்தன என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

மடிநாய் பற்றிய தொடக்ககால மதிப்பீடு

இங்கிலாந்தில் சிறிய துணைநாய்களைத் தனி வகையாகக் குறித்த தொடக்ககால நூல்களுள் ஒன்று, மருத்துவர் ஜான் கேயஸ் இலத்தீனில் எழுதி 1570ஆம் ஆண்டு வெளியிட்ட நூலாகும். பிரித்தானிய நாய்களைப் பற்றிய இந்நூல் 1576ஆம் ஆண்டு ஆபிரகாம் ஃபிளெமிங் என்பவரால் ஆங்கிலமாக்கப்பட்டது. நாய்களை அவை செய்யும் வேலையின் அடிப்படையில் வகைப்படுத்திய கேயஸ், பெண்கள் மடியிலும் மார்பிலும் ஏந்திய சிறு நாய்களை வகைப்படுத்துவதில் இடர்ப்பட்டார். சோம்பலின் விளையாட்டுப் பொருள் என்று அவற்றைக் கடிந்துரைத்தார். அதே வேளையில், வயிற்று நோயால் வருந்துவோர் இந்நாயை மார்போடு அணைத்துக்கொண்டால் அதன் உடற்சூடு துன்பத்தைத் தணிக்கும் என்ற நம்பிக்கையையும் பதிவு செய்தார். வேலை செய்யாத நாய்க்கும் ஒரு வேலையைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை அம்மருத்துவருக்கு இருந்ததை இதனால் அறியலாம்.

சிறிய நாய்களை வளர்த்தல் மேட்டுக்குடியினரின் வழக்கமாக மட்டும் இருந்ததில்லை. இலண்டன் நகரின் கிழக்குப் பகுதியில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்களிடையே சிறு ஸ்பானியல் நாய்களை வளர்த்துப் பெருக்கும் வழக்கம் இருந்தது. மதுக்கடைகளில் கூடி நாய்களை ஒப்பிட்டு மதிப்பிடும் பழக்கமும் உழைக்கும் மக்களிடம் இருந்தது. 1859ஆம் ஆண்டு நியூகாசில் நகரில் முறையான நாய்க் கண்காட்சி நடைபெறும் முன்னரே இக்கூட்டங்கள் நடந்துள்ளன. ஆகவே நல்ல நாயை இனங்காணும் அறிவு ஏழைகளிடம் இருந்தது. அதற்கு மிகுதியான பணம் தரும் ஆற்றல் செல்வர்களிடம் இருந்தது. பின்னர்த் தோன்றிய திருட்டு வணிகத்தைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு இன்றியமையாதது.

சட்டத்தின் பார்வையில் நாய்

ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் களவு பெருங்குற்றமாகும். பன்னிரண்டு பென்சுக்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைத் திருடியவருக்கு நெடுங்காலம் மரண தண்டனையே விதிக்கத்தக்கதாக இருந்தது. இத்தண்டனைக்கு ஏற்ற பொருள் எது என்னும் கேள்வி எழுந்தபோது, குதிரை, மாடு, ஆடு ஆகியவை களவுக்குரியவை எனவும், இன்பத்துக்காக வளர்க்கப்படும் நாய் கீழ்நிலை இயல்புடையது எனவும் சட்ட அறிஞர்கள் பிரித்தனர். ஒரு நாயின் பொருட்டு மனிதன் உயிரிழத்தல் தகாது என்பது அவர்கள் கூறிய காரணம். வில்லியம் பிளாக்ஸ்டோன் 18ஆம் நூற்றாண்டில் தம் சட்ட விளக்க நூலில் இந்நிலையைத் தொகுத்துரைத்தார். நாயின்மீது ஒருவகை உடைமை உண்டு, அதன் இழப்புக்காக உரிமையியல் வழக்குத் தொடரலாம், ஆனால் அதைத் திருடுதல் களவாகாது என்பதே அவர் தரும் விளக்கத்தின் சாரம்.

மனித உயிரைக் காக்கும் நோக்கில் இவ்விதி இரக்கமுடையதே. ஆயினும் இதன் விளைவு முரண்பாடானது. நாயின் கழுத்துப்பட்டையை எடுத்தவர் களவுக் குற்றவாளி ஆவார். பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நாயை மட்டும் கொண்டு சென்றவர் ஆகார். இக்குறையை ஈடுசெய்ய 1770ஆம் ஆண்டு நாய்த் திருட்டுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டு அபராதமும் சிறையும் விதிக்கப்பட்டன. 1827ஆம் ஆண்டின் களவுச் சட்டமும் இதனைக் களவினின்று வேறான சிறு குற்றமாகவே வைத்திருந்தது.

இதற்கிடையே 1796ஆம் ஆண்டு நாய்களுக்கு வரி விதிக்கப்பட்டது. நாடாளுமன்றத்தில் இவ்வரியை வலியுறுத்திய ஜான் டென்ட் என்னும் உறுப்பினருக்கு ‘நாய் டென்ட்’ என்ற கேலிப்பெயரும் கிடைத்தது. வரி தண்டும் அரசுக்கு நாய் மதிப்புள்ள பொருளாகத் தோன்றியது. அதே நாய் திருடப்பட்டபோது களவுக்குரிய பொருளாகத் தோன்றவில்லை. இவ்விரு நிலைகளும் ஒரே காலத்தில் நிலவின.

மீட்புத்தொகை வணிகம்

1840களில் இலண்டனில் நாய்த் திருட்டு ஒரு தொழிலாக வடிவம் பெற்றிருந்தது. இதனை விசாரிக்க 1844ஆம் ஆண்டு நாடாளுமன்றக் கீழவை ஒரு தெரிவுக்குழுவை அமைத்தது. ஹென்றி மேஹ்யூ, இலண்டன் உழைப்பாளர்களையும் ஏழைகளையும் பற்றிய தம் நூலில் அக்குழுவின் சான்றுகளை எடுத்தாண்டு, தம் நேரடி விசாரணைகளுடன் இணைத்து எழுதினார்.

இச்சான்றுகள் காட்டும் நடைமுறை தெளிவானது. திருடுபவர் ஒரு வீட்டின் நாயையும் அதை வெளியில் அழைத்துச் செல்லும் பணியாளரையும் சில நாள் கவனிப்பார். பதப்படுத்திய ஈரல் துண்டைக் காட்டியோ, பருவமடைந்த பெட்டை நாயைக் கொண்டோ நாயை ஈர்ப்பார். சிறிய நாயாயின் மேலாடைக்குள் மறைத்துத் தூக்கிச் செல்வதும் எளிது. பின்னர் ‘மீட்டுத் தருபவர்’ என்ற பெயரில் இடைத்தரகர் ஒருவர் உரியவரை அணுகுவார். தமக்குத் திருட்டில் பங்கில்லை என்றும், நாய் இருக்குமிடத்தை விசாரித்துச் சொல்ல முடியும் என்றும் கூறித் தொகையைப் பேசுவார். தொகை கிடைத்ததும் நாய் வந்து சேரும். அடுத்த ஆண்டு அதே நாய் மீண்டும் காணாமற்போகும்.

மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 151 பேரிடமிருந்து ஏறத்தாழ 977 பவுண்டு இவ்வாறு பறிக்கப்பட்டதாக மேஹ்யூ தருகிறார். ஒருவருக்கு ஆறு பவுண்டுக்கு மேல் என்பது இதன் சராசரி. இத்தொகை நாயின் சந்தை விலையைப் பொறுத்து நிர்ணயிக்கப்படவில்லை. இன்னார் இந்த நாய்க்காக எவ்வளவு தருவார் என்னும் கணிப்பைப் பொறுத்தே அமைந்தது. காவல்துறையின் பதிவுகளில் ‘திருடப்பட்டவை’ எனக் குறிக்கப்பட்ட நாய்களைவிட ‘காணாமற்போனவை’ எனக் குறிக்கப்பட்டவை பத்து மடங்குக்கும் மேலாக இருந்தமை கவனிக்கத்தக்கது. திருட்டு எனப் புகார் அளித்தால் நாய் உயிருடன் திரும்பாது என்னும் அச்சம் இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமாதல் கூடும்.

1845ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் எல்லையும்

தெரிவுக்குழுவின் விசாரணையைத் தொடர்ந்து 1845ஆம் ஆண்டு நாய்த் திருட்டுக்கெனப் புதிய சட்டம் நிறைவேற்றப்பட்டது. முதன்முறை குற்றம் புரிவோருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது நாயின் மதிப்புக்கு மேலும் 20 பவுண்டு வரை அபராதம் என அது வகுத்தது. திருடப்பட்ட நாயை மீட்டுத் தருவதாகக் கூறி முறைகேடாகப் பணம் பெறுவதையும் குற்றமாக்கியது. இடைத்தரகரைக் குறிவைத்த இவ்விதியே சட்டத்தின் புதுமை.

எனினும் இதன் செயல்பாடு உரியவரின் ஒத்துழைப்பைச் சார்ந்திருந்தது. பணம் தந்தவரே நீதிமன்றத்தில் சான்றளிக்க வேண்டும். நாய் கைக்கு வரும் முன் சான்றளிக்க எவரும் துணியார். வந்தபின் அளித்தால் அடுத்த முறை பழி தீர்க்கப்படும். உரியவரின் அன்பையே பிணையாகக் கொண்ட குற்றத்தை உரியவரின் துணிவைக் கொண்டு ஒடுக்க முனைந்தது இச்சட்டத்தின் எல்லையாகும். சட்டம் நடைமுறைக்கு வந்த அடுத்த ஆண்டே நிகழ்ந்த ஒரு திருட்டு இதனை விரிவாகக் காட்டுகிறது.

ஃப்ளஷ்: 1846ஆம் ஆண்டின் சான்று

கவிஞர் எலிசபெத் பாரெட் இலண்டன் விம்போல் தெருவில் தந்தையின் வீட்டில் நோயாளியாக அறைக்குள்ளேயே வாழ்ந்தவர். 1840ஆம் ஆண்டு அவருடைய தம்பி எட்வர்ட் கடலில் மூழ்கி இறந்த துயரத்தில் அவர் இருந்தபோது, எழுத்தாளர் மேரி ரசல் மிட்ஃபோர்ட் அவருக்கு ஒரு காக்கர் ஸ்பானியல் குட்டியை அனுப்பினார். 1841ஆம் ஆண்டு தொடக்கத்தில் வந்த அந்நாயின் பெயர் ஃப்ளஷ். அது அவர் கையிலிருந்து உணவுண்டு, அவர் அறையிலேயே உறங்கியது. வெளியில் செல்லும்போது சங்கிலியால் பிணைக்கப்பட்டே சென்றது. திருடர் குறித்த அச்சம் நாயின் அன்றாட வாழ்வையும் பராமரிப்பையும் வடிவமைத்ததற்கு இச்சங்கிலி ஒரு சான்று.

அவ்வெச்சரிக்கையையும் மீறி ஃப்ளஷ் மூன்று முறை திருடப்பட்டது. மூன்றாம் திருட்டு 1846 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், வியர் தெருவில் ஒரு கடையிலிருந்து வெளிவந்து வாடகை வண்டியில் ஏறும் பொழுதில் நிகழ்ந்தது. அப்போது எலிசபெத் பாரெட்டும் ராபர்ட் பிரௌனிங்கும் மறைவாகத் திருமணம் செய்துகொள்ளத் திட்டமிட்டிருந்தனர். நாள்தோறும் கடிதம் எழுதிக்கொண்டிருந்த இருவரும் இத்திருட்டைப் பற்றியும் விவாதித்தனர். 1899ஆம் ஆண்டு அச்சான அக்கடிதங்களே இந்நிகழ்வுக்கு முதன்மைச் சான்று.

டெய்லர் என்னும் கும்பல் தலைவர் ஆறு கினி கேட்டார். பணம் தரக்கூடாது என்பது தந்தையின் நிலைப்பாடு. பிரௌனிங்கும் கொள்கை அளவில் பணம் தருவதை எதிர்த்தார். தருபவர் ஒவ்வொருவரும் அடுத்த திருட்டுக்குத் துணைபோகின்றனர் என்பது அவர் வாதம். இவ்வாதம் ஏரணப் பிழையற்றது என்பதை மேஹ்யூ தரும் சான்றுகளே உறுதிசெய்கின்றன. எலிசபெத் பாரெட் இதனை மறுக்கவில்லை. ஆனால் கொள்கையைக் காப்பதற்குரிய விலையை ஆதரவற்ற ஓர் உயிர் தருவது முறையா என்பதே அவர் எழுப்பிய கேள்வியின் உட்பொருள். இத்தாலியக் கொள்ளையர் தம்மைச் சிறைப்பிடித்து மீட்புத்தொகை கேட்டால் பிரௌனிங் என்ன செய்வார் என்றும் அவர் வினவினார். பேரம் பேசிய ஒரு பெண்மணிக்கு அவருடைய நாயின் தலை பொட்டலமாக அனுப்பப்பட்ட செய்தியையும் அவர் கேட்டறிந்திருந்தார்.

டெய்லர் வீட்டுக்கு வந்தபோது தம்பியருள் ஒருவர் அவரைத் திருடன் எனத் திட்டி அனுப்பியதால் பேச்சு முறிந்தது. அதற்கு முன்னரே எலிசபெத் பாரெட் தம் பணிப்பெண் வில்சனுடன் வண்டியேறி ஷோர்டிச் பகுதிக்கு நேரில் சென்றிருந்தார். ஆண்டுக்கணக்கில் அறையை விட்டு அரிதாகவே வெளியேறிய ஒருவர், வீட்டாரின் விருப்பத்துக்கு மாறாக அப்பகுதிக்குச் சென்றது சிறிய முடிவன்று. இறுதியில் பணம் தரப்பட்டு ஃப்ளஷ் திரும்பியது. செப்டம்பர் 12 அன்று திருமணம் நடந்தது. ஒரு வாரத்தில் அவர் கணவருடனும் வில்சனுடனும் ஃப்ளஷ்ஷுடனும் இத்தாலிக்குப் புறப்பட்டார். அங்கே அந்நாய் சங்கிலியின்றித் தெருவில் திரிந்தது. 1854ஆம் ஆண்டு ஃபுளோரன்ஸ் நகரில் இறந்தது.

மூன்று முறையும் சேர்த்துத் தரப்பட்ட தொகை ஏறத்தாழ 20 பவுண்டு. வில்சனின் ஆண்டு ஊதியம் 16 பவுண்டு. அதனையே மிகுதி எனக் கருதி எலிசபெத் பாரெட் தம் கடிதமொன்றில் குறிப்பிடுகிறார். நாயை நாள்தோறும் வெளியில் அழைத்துச் சென்றவரும், ஆபத்தான பகுதிக்கு உடன் சென்றவரும் வில்சனே. துணைநாயின் மீதான பற்றை வரலாற்றில் மதிப்பிடும்போது அப்பற்றைத் தாங்கிய உழைப்பின் விலையையும் இவ்வாறு அருகில் வைத்தே நோக்க வேண்டும்.

வர்ஜீனியா வுல்ஃப் 1933ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் ஃப்ளஷ்ஷின் கதையைப் பரவலாக அறியச் செய்தது. அது மூன்று திருட்டுகளை ஒன்றாகச் சுருக்கியது. நிகழ்விடத்தை ஷோர்டிச்சிலிருந்து வைட்சேப்பலுக்கு மாற்றியது. புனைவுக்கு இம்மாற்றங்கள் பொருந்தும். ஆனால் ஒருமுறை நேர்ந்த விபத்தாக அன்றி மீண்டும் மீண்டும் பணம் ஈட்டித் தந்த ஏற்பாடாக இத்திருட்டு இருந்தது என்னும் உண்மை இச்சுருக்கத்தில் மறைந்துபோகிறது.

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் நாய்

ஆங்கிலேயச் சட்ட அறிஞர்கள் இந்தியாவுக்கென வகுத்த சட்டம் இச்சிக்கலை வேறு வகையில் தீர்த்தது. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837ஆம் ஆண்டு வரைவை அளித்தது. 1860ஆம் ஆண்டு நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 378ஆம் பிரிவு அசையும் பொருள் அனைத்தையும் திருட்டுக்குரியதாக்கியது. அப்பிரிவின் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று நாயைப் பற்றியது. ஒருவர் நாய்க்கான இரையைச் சட்டைப்பையில் வைத்துப் பிறர் நாயைப் பின்தொடரச் செய்தால், நேர்மையற்ற எண்ணம் இருக்குமாயின், நாய் பின்தொடரத் தொடங்கிய நொடியிலேயே திருட்டு நிறைவடைகிறது என்பது அதன் கருத்து.

இலண்டன் தெருக்களில் வழங்கிய அதே உத்தி இங்குச் சட்ட விளக்கமாக இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது. 1862ஆம் ஆண்டு சென்னையில் நாயைத் திருடியவருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்க இயன்றது. இலண்டனில் முதன்முறை அதைச் செய்தவருக்கு ஆறு மாதமே உச்ச அளவு. பழைய பொதுச் சட்டத்தின் வகைப்பாடுகளைச் சுமக்காமல் புதிதாக எழுதப்பட்டதன் விளைவு இது.

எனினும் இந்தியச் சட்டமும் விலையின் பிடியிலிருந்து முற்றும் விடுபடவில்லை. விலங்கைக் கொல்லுதல், ஊனப்படுத்துதல் பற்றிய 428ஆம் பிரிவு பத்து ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள விலங்குக்கே பொருந்தியது. விலை கொடுத்து இறக்குமதி செய்த சிறு நாய் அதன் காவலுக்குள் வரும். விலையின்றி வளர்ந்த நாட்டு நாய் வராது. இவ்விலை வரம்பு 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் நீக்கப்பட்டது.

1860க்குப் பின்: காப்பகமும் திரும்பிய சட்டமும்

இங்கிலாந்தில் 1860ஆம் ஆண்டு மேரி டீல்பி என்னும் பெண்மணி இலண்டனின் ஹாலோவே பகுதியில், காணாமற்போன நாய்களுக்கும் பட்டினியால் வாடும் நாய்களுக்கும் தற்காலிகக் காப்பகம் ஒன்றை நிறுவினார். டைம்ஸ் நாளிதழ் இம்முயற்சியை எள்ளி நகையாடியது. 1871ஆம் ஆண்டு பட்டர்சீ பகுதிக்கு மாறிய அக்காப்பகம் இன்றும் இயங்குகிறது. காணாமற்போன நாயைத் தேடுவோர் இடைத்தரகரை நாடாமல் செல்லத்தக்க வெளிப்படையான இடம் ஒன்று உருவானமை, திருட்டு வணிகத்தின் நோக்கில் முக்கியமானது. தண்டனைச் சட்டம் தர இயலாத ஒன்றை இவ்வமைப்பு தந்தது.

சட்டத்தின் மாற்றம் மெதுவாகவே நிகழ்ந்தது. 1861ஆம் ஆண்டின் களவுச் சட்டமும் நாய்த் திருட்டைத் தனிக் குற்றமாகவே தொடர்ந்தது. 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டமே பழைய வேறுபாட்டை ஒழித்து நாயைப் பிற உடைமைகளோடு ஒன்றாக்கியது. ஆனால் 2024ஆம் ஆண்டு நிறைவேறிய வளர்ப்பு விலங்குக் கடத்தல் சட்டம், இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் நாயையும் பூனையையும் கவர்ந்து செல்வதைத் திருட்டினின்று வேறான தனிக் குற்றமாக மீண்டும் பிரித்துள்ளது. ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனையும் வகுத்துள்ளது. வளர்ப்பு விலங்கு உணர்வுள்ள உயிர், அதன் இழப்பை வெறும் பொருளிழப்பாகக் கருதல் போதாது என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம்.

முடிவுரை

பொதுச் சட்டம் நாயை உடைமையினும் கீழானது எனக் கருதித் தனியே வைத்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உடைமையாக்கியது. 2024ஆம் ஆண்டுச் சட்டம் உடைமையினும் மேலானது எனக் கருதித் தனியே வைத்துள்ளது. இவ்வரிசை, பற்றின் மதிப்பைச் சட்டம் ஏற்க எடுத்துக்கொண்ட காலத்தைக் காட்டுகிறது. இடைப்பட்ட காலத்தில் அம்மதிப்பைத் துல்லியமாகக் கணித்துப் பணமாக்கியவர்கள் இடைத்தரகர்களே.

1846ஆம் ஆண்டின் விவாதத்தில் பிரௌனிங் கூறியது சமூகத்தின் நீண்டகால நலன். எலிசபெத் பாரெட் கூறியது கண்முன் உள்ள ஓர் உயிரின் நலன். இவ்விரண்டையும் இணைக்க வேண்டிய பொறுப்பு சட்டத்தினுடையது. அது தவறியபோது அச்சுமை தனியொருவரின் மீது, அதுவும் தந்தையின் வீட்டில் தனக்கென உரிமை அரிதாயிருந்த ஒரு பெண்ணின் மீது விழுந்தது. துணைநாய்களின் வரலாற்றை ஆடம்பரத்தின் வரலாறாக மட்டும் வாசித்தால் இச்சுமையும், அதனைப் பகிர்ந்துகொண்ட பணிப்பெண்ணின் உழைப்பும் புலப்படாமற்போகும். சென்னை மாகாண நீதிமன்றப் பதிவுகளில் 378, 428ஆம் பிரிவுகளின் கீழ் வந்த நாய் தொடர்பான வழக்குகளை இந்நோக்கில் ஆராய்தல், தமிழகச் சூழலில் இவ்வினாவை மேலும் விரித்துக் காண வழிவகுக்கும்.